திங்கட்கிழமை பேசலாம்

வசந்தகுமாரிக்கு வெள்ளிக்கிழமை ஆகாது. ராகுகாலம், எமகண்டம் பார்க்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். செராங்கூன் சாலையில் கோயிலைத் தாண்டும்போதுகூட நடந்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுகிற அவசரக்காரி அவள். அவளுக்கு ஆகாதது வேறு. மூச்சுவிட முடியாதவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டுச் செருகியிருக்கும் குழாயை வெள்ளிக்கிழமை எடுக்கக்கூடாது, எடுப்பதற்கு முன் செய்கிற சோதனைகளையும் அன்று தொடங்கக்கூடாது. சனி, ஞாயிறு தொண்டை டாக்டர்கள் வார்டில் இருக்கமாட்டார்கள், போன் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை குழாயை எடுத்த பெரியவர் ஒருவருக்கு மறுநாள் மூச்சு அடைத்துக்கொண்டது. டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அவர் தலைமாட்டில் நின்றவள் வசந்தகுமாரிதான். அதற்கப்புறம் அவள் நர்சாக இருக்கும் மருத்துவமனையில் தொண்டைக் குழாய் விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். பெரிய டாக்டர்களே, "வசந்தா சிஸ்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

இருபத்தாறு வருஷ சர்வீஸ். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். தன் கீழ் வேலை பார்க்கும் நர்சுகளை "என் பிள்ளைங்க" என்பாள். பிள்ளைகளுக்கு டீயா காபியா என்பதைக்கூட இவளே சொல்லிவிடுவாள். யாரும் மறுத்ததில்லை. அக்கா நம் நல்லதுக்குத்தான் சொல்வாள் என்று அவர்களுக்குத் தெரியும். அது உண்மையும்கூட. பிறத்தியாருக்கு நல்லது செய்கிறவர்களிடம் இருக்கிற பெரிய கோளாறே இதுதான், கேட்கவே மாட்டார்கள்.

கொரோனா வந்த வருஷம் ஜூலை மாதம் அவள் பொறுப்பில் ரத்னவேல் இருந்தார். ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் முப்பது வருஷமாகச் சூப்பர்வைசர். ஏப்ரலில் காய்ச்சல் என்று வந்தவர், மூன்று வாரம் மூச்சு இயந்திரத்தில் கிடந்து, கழுத்தில் குழாய் வைத்துப் பிழைத்தார். இப்போது தானாக மூச்சு விடுகிறார், எழுந்து உட்காருகிறார், நான்கு அடி நடக்கவும் செய்கிறார். பேச்சுத்தான் இல்லை. குழாயைச் சுற்றி உள்ளே ஒரு சின்ன பலூன் உப்பியிருக்கும். காற்று அதைத் தாண்டித் தொண்டைக்கு ஏறாது, ஏறாமல் குரல் வராது. பலூனின் காற்றை இறக்கி, குழாயின் வாயில் ஒரு வால்வை மாட்டினால் பேசலாம். மற்ற வருஷமாக இருந்தால் பதினைந்து நிமிஷ வேலை. இந்த வருஷம் அப்படியா? பலூனை இறக்கினால் நோயாளி இருமித் தள்ளுவார், உள்ளே இருக்கிற வைரஸ் அறை முழுக்கப் பரவும். பக்கத்து வீட்டுத் தும்மலுக்கே ஊர் நடுங்கிய நேரம் அது. அதனால் ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனையும் நெகட்டிவ் என்று வரவேண்டும். அதன் பிறகும் காற்றாடி வைத்த முகமூடித் தொப்பி போட்ட இரண்டு நர்சுகள் கூடவே நிற்க வேண்டும். ரத்னவேலுக்கோ ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் மறுதடவை பாசிட்டிவ் என்று ஐந்து வாரமாக இழுத்துக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி கண்மணி சுவா சூ காங் வீட்டில் படுக்கையில் இருந்தாள். சர்க்கரை அவள் இரண்டு கண்ணையும் எப்போதோ வாங்கிக்கொண்டது. அப்புறம் சிறுநீரகம் போயிற்று. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வார்டுக்குள் ஒருவரையும் விடாத காலம் என்பதால் மகள் நிவேதிதாதான் தினமும் வீடியோ காலில் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து வைப்பாள். சேர்த்து வைத்து என்ன? அவருக்குப் பேச்சு வராது, அவளுக்குக் கண் தெரியாது. அவர் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார், மகள் அதைப் படித்துச் சொல்வாள்.

"சாப்பிட்டியான்னு கேக்குறாரும்மா."

"நீ படிச்சா செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குடி. அவரு கேட்டா எப்படிக் கேப்பாரு தெரியுமா? சண்டைக்கு வர்ற மாதிரி கேப்பாரு."

வசந்தகுமாரி சிரித்துவிட்டாள். ரத்னவேலும் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். அதற்கப்புறம் கண்மணி கேட்டதுதான் யாரையும் சிரிக்கவிடவில்லை. அந்த ஊரில் நர்சு என்றால் மிஸ்ஸி.

"மிஸ்ஸி, நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. அவரு இருக்காரா?"

"அய்யோ, என்னம்மா இப்படிக் கேக்குறீங்க! இதோ என் முன்னால உக்காந்திருக்காரு. கைய ஆட்டுறாரு."

"எங்கண்ணன் ஈப்போவுல செத்தப்ப நாலு நாள் எங்கிட்ட மறைச்சாங்க மிஸ்ஸி. இவளுந்தான் மறைச்சா. கேட்டா உன் ஒடம்பு தாங்காதும்மாங்குறா. கண்ணு தெரியாதவள ஏமாத்துறது ரொம்ப ஈசிலா."

ரத்னவேல் போனை வாங்கி விரலால் டொக் டொக்கென்று தட்டினார்.

"தட்டுறது யாரு வேணும்னாலும் தட்டலாம்," என்றாள் கண்மணி. "ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. அப்பதான் நம்புவேன்."

ரத்னவேல் பலகையை எடுத்து, மகளுக்குத் தெரியாமல் வசந்தகுமாரி பக்கம் திருப்பி எழுதினார். 'எப்ப மிஸ்ஸி?' ரெண்டு ரிசல்ட் சேர்ந்தாற்போல் நெகட்டிவ் வரட்டும், வந்த அன்றைக்கே பேச வைக்கிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். வாக்குக் கொடுப்பதில் அவள் என்றைக்குமே கஞ்சத்தனம் காட்டியதில்லை.

வியாழக்கிழமை நெகட்டிவ் வந்தது. வெள்ளிக்கிழமை காலை மறு சோதனை எடுத்து அனுப்பினார்கள். அன்று மத்தியானம் நிவேதிதா வார்டுக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு டயாலிசிஸ் தாங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள், டாக்டர் ஒரு வாரம் பத்து நாள் என்கிறார் என்று சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட நானே சொல்லிட்டேன் சிஸ்டர், இந்த வாட்டி மறைக்கல," என்று அழுதாள். வசந்தகுமாரி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ரத்னவேல் பலகையில் ஒரே சொல் எழுதி மடியில் வைத்திருந்தார். 'சீக்கிரம்.'

மூன்று நாற்பதுக்கு ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். நான்கு மணிக்குத் தொண்டை டாக்டர் சுரேந்தர் போனில் வந்தார்.

"சிஸ்டர், ரெண்டும் க்ளியர். வொய்ஃப் ரொம்ப சிக்னு கேள்விப்பட்டேன். இன்னிக்கே பலூனை இறக்கி வால்வ் போட்டுப் பார்க்கலாமா? டென் மினிட்ஸ் பேசட்டும், திரும்ப ஏத்திடலாம். நான் ஆறு மணி வரைக்கும் இருக்கேன்."

வசந்தகுமாரி ட்யூட்டி லிஸ்டைப் பார்த்தாள். அந்த மாலை ஷிப்டில் தொப்பி போடப் பழகியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி ஃபர்சானா. ஃபர்சானாவுக்கு ஏழு மாதக் குழந்தை, இன்னும் தாய்ப்பால். ஐந்து வாரமாக மாறி மாறி வந்த ரிசல்ட்டில் எதை நம்பி அந்தப் பெண்ணை உள்ளே நிறுத்துவது? போதாதற்கு வெள்ளிக்கிழமை. அந்தப் பெரியவரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு வாரம் பத்து நாள் என்றால் திங்கட்கிழமை அதற்குள் வந்துவிடுமே என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"வேணாம் டாக்டர். என் பிள்ளைங்க இன்னிக்கு ரெடியா இல்ல. திங்கக்கிழமை காலையில முழு டீமும் இருக்கும், செஞ்சிடலாம்."

"ஓகே சிஸ்டர், யூ நோ பெஸ்ட்," என்று வைத்துவிட்டார் அவர். அவள் சொன்னால் அப்பீல் ஏது?

ஃபர்சானா அப்போது பத்தடி தள்ளி மருந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று வசந்தகுமாரிக்குத் தோன்றவே இல்லை.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அறைக்குள் போனாள். ரத்னவேல் கண்ணை அகலத் திறந்துகொண்டு, பலகையில் 'ரிசல்ட்?' என்று காட்டினார். வந்துவிட்டது, ஆனாலும் திங்கட்கிழமைதான் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் கெஞ்சுவார். கெஞ்சினால் தன் மனசு இளகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"இன்னும் வரலண்ணே," என்றாள். "இனிமே திங்கக்கிழமைதான் வரும். திங்கக்கிழமை பேசலாம்."

அவர் நம்பினார். பலகையைத் துடைத்துவிட்டு 'திங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். வசந்தகுமாரியே எடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. காலை ஒன்பது மணிக்குத் தேக்கா சந்தையில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு மீன் வாங்க வரிசையில் நின்றிருந்தாள். ஃபர்சானாவிடமிருந்து போன்.

"அக்கா, ரத்னவேல் அங்கிளோட வொய்ஃப் தவறிட்டாங்க. காலையில ஏழு மணிக்கு. தூக்கத்துலயே."

வரிசையை விட்டு விலகினாள். எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாமல் பஃபலோ ரோடு முனைவரை நடந்து, அங்கிருந்து டாக்சி பிடித்தாள். லீவு நாளில் ஏன் வந்தாய் என்று வார்டில் ஒருவரும் கேட்கவில்லை.

கழுத்தில் குழாய் வைத்தவர் அழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டாம். அழுகைக்கும் குரல் வேண்டுமே. வாய் கோணுகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் வருவதில்லை. குழாயில் சளிதான் களகளவென்று கொதிக்கிறது. வசந்தகுமாரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தச் சளியை உறிஞ்சி எடுத்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். கையாலாகாத்தனம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வெளியே வந்து நிவேதிதாவுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் அழுது ஓய்ந்துபோன குரலில் பேசினாள்.

"அந்த 'திங்கள்'ங்குற போட்டோவப் பத்தி அம்மாகிட்டச் சொன்னேன் சிஸ்டர். அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'திங்கக்கிழமைன்னு சொல்லிச் சொல்லியே என்னைய அனுப்பிருவீங்க. அவரு போயிட்டாருன்னு எனக்குத் தெரியும். நான் அங்க போய்ப் பாத்துக்குறேன்'னாங்க. சனிக்கிழமை ராத்திரி. அதான் கடைசி."

வசந்தகுமாரி போனைக் காதில் வைத்தபடி சுவரில் சாய்ந்துவிட்டாள். ஒரு மனுஷி முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய புருஷன் உயிரோடு இருக்கும்போதே, அவன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே செத்திருக்கிறாள். பாவி, பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்.

திங்கட்கிழமை வாக்குப்படி எல்லாம் தயாராக இருந்தது. சுவா சூ காங்கில் அடுக்குமாடி புளோக்கின் கீழே பந்தல் போட்டு, இருபது பேருக்கு மேல் கூடாமல், கண்மணியைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மண்டாய் சுடுகாட்டுக்கு எடுக்கிறார்கள். பத்து மணிக்கு டாக்டர் சுரேந்தர் வந்தார். வசந்தகுமாரியும் ஃபர்சானாவும் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பலூனின் காற்றை மெதுவாக இறக்கினாள். ரத்னவேல் முகம் சிவக்க இருமினார். சளியை எடுத்தாள். மூச்சின் கணக்கைப் பார்த்தாள், ஆக்சிஜனைப் பார்த்தாள். வால்வை மாட்டினாள்.

"பேசுங்கண்ணே," என்றாள்.

அவர் போன் வேண்டும் என்று கையைக் காட்டினார். நிவேதிதா ஏற்கெனவே லைனில் இருந்தாள். அம்மாவின் காதில் வை என்று அவர் சைகை செய்ய, அவள் போனைப் பெட்டிக்குள் கொண்டுபோவது திரையில் தெரிந்தது. மாலை தெரிந்தது, மஞ்சள் பூசிய கன்னம் தெரிந்தது, அப்புறம் இருட்டு.

ரத்னவேல் நர்சுகள் இருவரையும் வெளியே போகச் சைகை காட்டிப் பார்த்தார். போக முடியாது. முதல் தடவை வால்வு போட்டால் இரண்டு பேர் பக்கத்தில் நின்றாக வேண்டும். அது வசந்தகுமாரி எழுதிய சட்டம். அதனால் பெண்டாட்டிக்கு மட்டும் அவர் சொல்ல நினைத்ததை இவளும் நின்று கேட்டாள்.

"கண்மணி," என்றார். குரல் மண்ணில் தகரத்தை இழுப்பதுபோல் வந்தது. மூன்று மாதம் கழித்து வருகிற குரல். "கண்மணி, நான் இருக்கேன். உசிரோடதான் இருக்கேண்டி. யாரும் உன்னைய ஏமாத்தல."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. இருமல் வந்தது. ஃபர்சானாதான் வால்வைக் கழற்றினாள்.

உடுப்பைக் கழற்றும் அறையில் ஃபர்சானா கையைக் கழுவிக்கொண்டே பேசினாள். அவள் குரலில் அக்காவிடம் இதுவரை காட்டாத ஏதோ ஒன்று இருந்தது.

"வெள்ளிக்கிழமையே டாக்டர் கேட்டாராமே அக்கா?"

"உனக்காகத்தான் வேணாம்னேன். பச்சப் புள்ள வீட்ல இருக்கு. உனக்கு எதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"நான் வந்திருப்பேனே," என்றாள் ஃபர்சானா. "என்னைக் கேக்கவே இல்லியே நீங்க."

வசந்தகுமாரிக்குக் கோபம் வந்தது. நன்றி கெட்ட உலகம் என்றுகூட நினைத்தாள். நினைத்துவிட்டு, அவளுக்கே அது பிடிக்காமல், கழுவிய கையைத் திரும்பவும் கழுவினாள்.

அதன் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. ஒரு நாள் முழுக்கக் குழாயை மூடிப் பார்த்தார்கள், தாங்கினார். வியாழக்கிழமை குழாயை எடுத்தார்கள். துளையின் மேல் துணிக்கட்டுப் போட்டு, பேசும்போது விரலால் அதை அமுக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். காயம் வற்றத் தொடங்கியது, மூச்சு சீராக இருந்தது. அடுத்த புதன்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. இத்தனை நாளும் வசந்தகுமாரி அவரிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அவரும் பேசவில்லை. துக்கத்தில் இருக்கிற மனுஷன், தொந்தரவு செய்யக்கூடாது என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம்.

புதன்கிழமை காலை மருந்துப் பையைக் கொடுக்கப் போனபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு விரல் கழுத்துக் கட்டின் மேல்.

"அந்த ரெண்டாவது ரிசல்ட் எப்ப வந்துச்சு மிஸ்ஸி?"

பொய் சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை," என்றாள். "மூணு நாப்பதுக்கு. டாக்டர் அன்னிக்கே செய்யலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும். என் போனுல ஆஸ்பத்திரி ஆப்புல தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கு. நிவேதிதாதான் முதல்ல பாத்தா." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்களுக்குக் காரணம் இருந்திருக்கும். அந்தப் பொண்ணுக்குக் கைக்குழந்தைன்னு எனக்கும் தெரியும்லா. ஆனா ஒண்ணு மிஸ்ஸி. என்கிட்டக் கேட்டிருக்கலாம். நானே வேணாம், திங்கக்கிழமை பாத்துக்குவோம்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அப்ப அது என் தப்பா இருந்திருக்கும். என் பொண்டாட்டிக்கு நான் பண்ணுன தப்ப நான் தூக்கிக்குவேன். நீங்க பண்ணுனத நான் எப்படித் தூக்குறது?"

வசந்தகுமாரி மருந்துப் பையைக் கட்டிலில் வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள், ஒருத்தர் தட்டையே விட்டெறிந்திருக்கிறார். எதுவும் இப்படி வலித்ததில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே," என்றாள்.

"விடுங்க. அம்பது நாள் என் தொண்டையச் சுத்தம் பண்ணுன கை. நிவேதிதாதான் உங்க மேல கம்ப்ளைண்ட் எழுதப் போறேன்னு குதிச்சா. நான்தான் சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை மிஸ்ஸி வந்து கேட்டாங்க, அப்பாவுக்குத்தான் பயமா இருந்துச்சு, அப்பாதான் திங்கக்கிழமைன்னு தள்ளிப் போட்டேன்னு."

"அய்யோ! ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"அப்படியாவது அது என்னோடதா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்." விரல் கட்டிலிருந்து நழுவியது. காற்றுத்தான் வந்தது. மறுபடி அமுக்கிக்கொண்டார். "நாலு நாளாச்சு. எம்பொண்ணு என்கிட்டப் பேசல. கீழ டாக்சியோட வந்து நிக்கிறா. மெசேஜ் மட்டும் போட்டா, 'டவுன்ஸ்டேர்ஸ்'னு."

வசந்தகுமாரி அவர் பையை எடுத்துக்கொண்டாள். வழக்கமாக அவரைக் கீழே கூட்டிப்போவது அட்டெண்டர் வேலை. சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்து அவளே தள்ளினாள். லிப்டில் அவர் கேட்டார், "எதுக்கு மிஸ்ஸி நீங்க?" அவள் கீழ்த்தளப் பொத்தானை அமுக்கினாள். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். அதைப் பற்றி அப்போது அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை.

வாசலில் காய்ச்சல் பார்க்கும் மேசைக்கு அந்தப் பக்கம், முகக்கவசத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். போனில் பார்த்த அதே கண்கள், அழுது அழுது வீங்கியிருந்தன. அப்பாவைப் பார்த்ததும் பையை வாங்கக் கையை நீட்டினாளே ஒழிய, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்னவேல் விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். வசந்தகுமாரி அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"நிவேதிதா, நான்தான் வசந்தகுமாரி," என்றாள். "உங்கப்பாவ வெள்ளிக்கிழமை யாரும் கேக்கல. ரிசல்ட் வரலன்னு நான் அவருகிட்டப் பொய் சொன்னேன். தெரிஞ்சிருந்தா அவரு அன்னிக்கே பேசியிருப்பாரு."